மாரப்பன் முதுகு

ஏழாவது கேள்விக்கு வந்ததும் வைத்தியலிங்கத்தின் பேனா நின்றுவிட்டது.

சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளை வருடத்துக்கு நான்கு காற்று மெத்தைகள் அனுப்பும். மெத்தைக்கு முன்னால் ஒரு படிவம் வரும். படிவம் முழுக்க இங்கிலீஷ். மடத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். துறையூரில் பதினோரு வருடம் டுடோரியலில் இலக்கணம் சொல்லிக் கொடுத்தவன். இப்போது நாற்பத்தேழு வயது.

மடம் என்பது ஊர் வைத்த பெயர். உண்மையில் அது பழைய கடலைக் கிடங்கு. உள்ளே பதினோரு கட்டில்கள். படுத்த படுக்கையாகி, பார்க்க ஆளில்லாமலோ பார்க்கத் தெரியாமலோ போனவர்களை அங்கே கொண்டுவந்து விடுவார்கள். நடத்துகிறவள் தவமணி. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், அறுபத்தொரு வயது, ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. அதிகம் பேசமாட்டாள். அந்த ஒரு காரணத்துக்காகவே ஊரில் அவளை ஞானி என்று முடிவு கட்டிவிட்டார்கள். இல்லை என்று சொல்ல வாய் திறக்க அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வைத்தியலிங்கமும் ஏழு வருடத்துக்கு முன் ஞானத்தைத் தேடித்தான் வந்தான். காலில் விழுந்து, "ஏதாவது உபதேசம் பண்ணுங்கம்மா," என்று கேட்டான்.

"ரெண்டு மணிக்கு ஒருதரம் திருப்பிப் போடு," என்றாள் தவமணி.

அவன் அதை மந்திரமாக எடுத்துக்கொண்டான். எதைத் திருப்புவது? மனத்தையா, மூச்சையா? இரண்டு மணி என்றால் பகலா, இரவா? கிடங்குக்குப் பின்னால் கண்ணை மூடி உட்கார்ந்து மூன்று நாள் யோசித்தான். நான்காம் நாள் தவமணியே வந்து நின்றாள்.

"இங்க என்ன பண்ற? நான் ஒருத்தியா எத்தனை பேரைத் திருப்புவேன்?"

அப்போதுதான் அவள் சொன்னது சொன்னபடியே என்று புரிந்தது. எழுந்து போய், படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப ஆரம்பித்தான். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம், மறுபடி இடது பக்கம். ஏழு வருடமாகத் திருப்புகிறான்.

படிவத்தின் ஏழாவது கேள்வி, இந்த ஆண்டில் இங்கே இருப்பவர்களுக்கு என்னென்ன நன்மைகள் சேர்ந்தன என்று கேட்டது. 'சேர்ந்தன' என்ற இடத்தில் 'அக்ரூ' என்ற இங்கிலீஷ் வினைச்சொல்லைப் போட்டிருந்தார்கள்.

போன வருடங்களில் இந்த இடத்தில் 'மன அமைதி' என்று எழுதினான். அதை எழுதும்போதே பக்கத்துக் கட்டிலிலிருந்து மாரப்பன் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார். மாரப்பன் சிமெண்டு லாரியிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனவர். வைத்தியலிங்கம் வந்த அடுத்த வாரம் வந்தவர். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் தூக்கம் கெட்டுப் போகிறது என்று திட்டுவார். நன்றி என்று அவர் வாயில் ஒரு நாளும் வந்ததில்லை.

இந்த வருடம் கை எழுத மறுத்தது. இந்த வருடம் ஆறு பேர் வந்தார்கள், ஐந்து பேர் செத்துப் போனார்கள். எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர் ஒருவரும் இல்லை. இதில் என்ன நன்மையைக் கண்டுபிடிப்பது?

இன்னொரு விஷயமும் இருந்தது. பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டியிருந்தான். ஏழாவது கேள்விக்குப் பொய் இல்லாமல் ஒரு வரி எழுத முடிந்தால் இங்கேயே இருப்பது. முடியாவிட்டால் கிளம்பிவிடுவது. கிளம்பத்தான் ஆசை. ஆனால் ஏழு வருடத்தைச் சும்மா கழித்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு கிளம்பப் பயமாக இருந்தது.

போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவரப் போனபோதே ஒரு கூத்து நடந்தது. மத்தியானப் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வைத்தியலிங்கமும் கண்ணசந்துவிட்டான். திடீரென்று முழித்தவன், பெரியவரின் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து அவரை அலுங்காமல் இந்தப் பக்கம் திருப்பிவிட்டான். பெரியவர் அலறிக்கொண்டு எழுந்து மடியைத் தடவிப் பார்த்தார். கண்டக்டர் வந்துவிட்டார். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று தெரியாமல் அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் இரண்டு மைல் நடந்தான். நடக்கும்போது அழுகை வந்தது. ஏழு வருடத்தில் தனக்கு மிஞ்சியது இந்தக் கிறுக்குத்தனம்தான் என்று நினைத்தான்.

படிவத்தை எடுத்துக்கொண்டு தவமணியிடம் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து, துவைத்துக் காய்ந்த பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சொல்லு மாட்டிக்கிச்சும்மா."

"உனக்கே தெரியாத இங்கிலீஷா? எனக்கென்ன தெரியும்?"

"அர்த்தம் தெரியும். எழுதறதுக்குத்தான் ஒண்ணும் இல்ல."

"என்ன அர்த்தம்?"

அவன் பழைய வாத்தியார் குரலுக்கு மாறினான். "சேர்றதும்மா. ஆனா ஒருத்தர் கொண்டாந்து கொட்டிச் சேர்றது இல்ல. நாள் போகப் போகத் தானாச் சேர்றது. இன்னைக்குப் பாத்தாத் தெரியாது, நாளைக்குப் பாத்தாலும் தெரியாது. ரொம்ப நாள் கழிச்சுப் பாத்தா இருக்கும். ஆபீஸ் வேலைக்குப் போறவங்களுக்கு மாசா மாசம் லீவு சேரும் பாருங்க, அதுக்கெல்லாம் இந்தச் சொல்லுதான்."

"அப்ப உனக்கு ஏகப்பட்ட லீவு சேர்ந்திருக்குமே."

"சேர்ந்திருக்கும்," என்றான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

தவமணி ஒரு துணியை நான்காக மடித்து அடுக்கில் வைத்தாள். "எனக்கு முட்டி வலிதான் சேர்ந்திருக்கு. அதுக்கும் இந்தச் சொல்லு ஆகுமா?"

"ஆகும்னு வச்சுக்கங்களேன். ஆனா இவங்க நன்மையைத்தான் கேக்கறாங்க. நம்ம ஆளுங்களுக்கு என்ன நன்மை சேர்ந்துச்சுன்னு."

"எழுதேன்."

"என்னன்னு எழுதறது? இங்க எதும்மா சேருது? சோறு கொடுக்கறோம், செரிச்சுப் போகுது. துடைக்கறோம், மறுபடி அழுக்காகுது. திருப்பறோம், மறுபடி திருப்பறோம். கடைசியில செத்துப் போறாங்க. மண்ணை வெட்டிப் போட்டிருந்தாக்கூட இத்தனை வருசத்துல ஒரு மேடு இருந்திருக்கும்."

அவள் அடுத்த வேட்டியை எடுத்துக் கிழித்தாள். இந்த மௌனத்தைக் கேட்டுத்தான் ஊரில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வைத்தியலிங்கத்துக்கு அன்றைக்கு எரிச்சல் வந்தது.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது.

இறங்கியவன் பெயர் செல்லதுரை. சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி, நாற்பது வயதிருக்கும். வேனுக்குள் அவன் அப்பா பொன்னுரங்கம் மல்லாந்து படுத்திருந்தார். புதுப் பஞ்சு மெத்தை, துவைத்த வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. சவரம்கூடச் செய்துவிட்டிருந்தார்கள். கூடவே ஒரு வாடை வந்தது. அந்த வாடை வைத்தியலிங்கத்துக்குத் தெரியும்.

"விழுந்து மூணு வாரம்தாங்க ஆகுது," என்றான் செல்லதுரை. "இடுப்பெலும்பு. வயசு எம்பத்தி ரெண்டு, ஆபரேசன் தாங்க மாட்டாருன்னு அனுப்பிட்டாங்க. வீட்ல ஒரு குறை இல்லாமப் பாத்துக்கிட்டோம். நாலு நாளா ஏதோ வாடை. எங்கேருந்து வருதுன்னே தெரியல."

"எப்படிப் பாத்துக்கிட்டீங்க?" என்று தவமணி கேட்டாள்.

"அசைச்சா வலிக்குதுன்னாரு. அதனால அசைக்கவே இல்லீங்க. இருந்த இடத்துலயே சோறு ஊட்டி, இருந்த இடத்துலயே வெந்நீர்ல துடைச்சு. எந்தங்கச்சி லீவு போட்டு வந்து ராவெல்லாம் பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அவரை ஒரு விரல்கூடத் தொட்டு நகத்தல. அப்படித் தாங்கினோம்."

தவமணி வைத்தியலிங்கத்தைப் பார்த்தாள். அவன் கிழவரைக் கட்டிலுக்கு மாற்றி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து மெல்ல ஒருக்களித்துப் போட்டான். வேட்டியும் மெத்தைத் துணியும் முதுகோடு ஒட்டியிருந்தன. உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்துப் பிரித்தான்.

முதுகுக்குக் கீழே, உட்காருமிடத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. நடுவில் எலும்பு தெரிந்தது.

செல்லதுரை தரையில் உட்கார்ந்துவிட்டான். "மூணு வாரம்தானே," என்றான். மறுபடியும், "மூணே வாரம்தானே," என்றான். பிறகு தவமணியிடம் கேட்டான். "நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

"ஒரு தப்பும் பண்ணலப்பா. நல்லாத்தான் பாத்திருக்க. இதை யாரும் உனக்குச் சொல்லல." அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. "நாளைக்கு டாக்டர் வருவாரு. பாத்துட்டு, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னா சொல்வாரு. இப்ப கழுவிக் கட்டணும்."

வைத்தியலிங்கம் கழுவினான். செத்த தோலை எடுத்தான். கிழவர் முனகியபோது நிறுத்தி, பிறகு மறுபடி கழுவினான். முக்கால் மணி நேரம் ஆனது. இந்த வேலையை அவன் செய்து ரொம்ப நாளாகியிருந்தது. எப்போதாவது யாராவது இப்படிப் புண்ணோடு வருவார்கள். வந்த பிறகு இங்கே யாருக்கும் புதுப் புண் வந்ததில்லை. அவன் அதை அப்போது யோசிக்கவில்லை. முதுகை நிமிர்த்த முடியாமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வைத்தி," என்றாள் தவமணி. "திருப்பிப் போடறது எப்படின்னு இவருக்குக் காட்டிக் கொடு. அப்பாவை வச்சு வேணாம், வலிக்கும். மாரப்பனை வச்சுக் காட்டு."

மாரப்பன் கட்டிலுக்குப் போனார்கள். அவர் கண்ணை மூடியபடியே வரவேற்றார்.

"வந்துட்டான்யா. மனுசன் அரைத் தூக்கம் தூங்கினா இவனுக்குப் பொறுக்காது."

"ஆள் வந்திருக்கு. காட்டணும்," என்றான் வைத்தியலிங்கம்.

"காட்டு. டிக்கெட்டுப் போட்டுக் காட்டு."

வைத்தியலிங்கம் சொல்லிக்கொண்டே செய்தான். முழங்காலை இப்படி மடக்க வேண்டும். ஒரு கை தோளுக்கு, ஒரு கை இடுப்புக்கு. இழுக்கக் கூடாது, தோல் உரசும், உருட்ட வேண்டும். கால் இரண்டுக்கும் நடுவில் துணி. குதிகால் மெத்தையில் படக் கூடாது. மாரப்பன் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை விலகி முதுகு முழுக்கத் தெரிந்தது.

செல்லதுரை குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இவரு எப்ப வந்தாருங்க? போன வாரமா?"

"ஏழு வருசம் ஆகுது."

"படுக்கையிலயா?"

"படுக்கையிலதான். கை காலு ஒண்ணும் அசையாது."

செல்லதுரை நம்பவில்லை. விரலை நீட்டி, அப்பாவுக்குப் புண் இருந்த அதே இடத்தில் மாரப்பனைத் தொட்டான். அழுத்திப் பார்த்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரை தடவினான்.

தொடுவது மாரப்பனுக்குத் தெரியாது. ஆனால் ஆள் குனிந்து நிற்பது தெரிந்தது. "என்னய்யா, என் முதுகுல சினிமாவா ஓடுது?" என்றார்.

"என்ன மருந்து போடறீங்க?" என்று செல்லதுரை வைத்தியலிங்கத்திடம் கேட்டான்.

"மருந்தெல்லாம் இல்லீங்க."

"எண்ணெயா?"

"இல்ல."

"பின்ன எப்படி?"

வைத்தியலிங்கமும் குனிந்து பார்த்தான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை அவனும் தவமணியும் மாற்றி மாற்றித் திருப்புகிற முதுகு. சாதாரண முதுகு. கொஞ்சம் முடி, இடது தோளுக்குக் கீழே ஒரு மரு, பழைய வேர்க்குருத் தழும்பு. வேறு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்பதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு விலகிய சட்டையை இழுத்துவிட்டான்.

"அப்பாவுக்கு ஆறுமாங்க?" என்றான் செல்லதுரை.

"ஆறும். மெதுவாத்தான் ஆறும். ஆறு மாசம் ஆகலாம், மேலயும் ஆகலாம்."

"அத்தனை நாளைக்கு யாருங்க பாத்துக்குவா? எனக்கு வெங்காயம் காட்டுல கெடக்கு. கத்துக்கறேன், ஆனா இந்தப் புண்ணோட என்னால..."

"நான் இருக்கேன்ல," என்றான் வைத்தியலிங்கம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. தவமணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் துணி அடுக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

செல்லதுரை சாயங்காலம் கிளம்பினான். வேன் போனதும் வைத்தியலிங்கம் கிணற்றடிக்குப் போனான். தவமணி அங்கே கல்லில் உட்கார்ந்து, புண் கழுவிய துணிகளை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான். முழங்காலை மடக்கி உட்காரவே நேரமானது.

"பெரம்பலூர் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டிருக்காங்க," என்றான்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"போன வாரம் சட்டைக்கு இஸ்திரி போட்டியே. பஸ்ல போயி காத்து வாங்கிட்டு வர்றவன் இஸ்திரியா போடுவான்?"

"பின்ன ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா இருந்துடுவ. அப்படி இருந்து என்னத்துக்கு?"

தவமணி தண்ணீர் மாற்றினாள். இரண்டாம் தண்ணீரிலும் நிறம் இறங்கியது.

"இப்பத்தான் அந்தாளுகிட்ட வாய விட்டுட்டேன். ஆறு மாசம்னு."

"கேட்டுச்சு."

"நீங்கதான மாரப்பனை வச்சுக் காட்டச் சொன்னீங்க."

"ஆமா. அந்தக் கெழவரை வச்சுக் காட்டினா வலிக்கும்னு சொன்னேனே."

அவளிடம் இதற்கு மேல் வாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தான். நான்காக மடித்ததில் கசங்கியிருந்தது.

"இதுல இப்பவும் எழுத முடியலம்மா. என்ன சேர்ந்துச்சுன்னுதான் கேக்கறாங்க. மாரப்பன் முதுகுல ஒண்ணும் சேரல. ஏழு வருசமா ஒண்ணும் சேரல. அதை எழுத இதுல எடம் இல்ல."

"விட்டுடு. மெத்தை வராட்டி பழைய வேட்டிய மடிச்சுப் போட்டுக்கலாம்."

அவள் துணியைப் பிழிந்தாள். பிழிய அவள் ஒருத்தியின் கை போதவில்லை. அவன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கினார்கள். அப்போது அவன் சொன்னான். ஏழு வருடத்தில் ஒரு தடவையும் சொல்லாதது. ஞானத்துக்கு வந்த இடத்தில் சொன்னால் கேவலம் என்று வாயை மூடியே வைத்திருந்தது.

"எனக்கு அலுப்பா இருக்கும்மா. தூங்கி எழுந்தாப் போற அலுப்பு இல்ல. முதுகெல்லாம் பிடிச்சு, எலும்பு வரைக்கும் எறங்கிக் கெடக்கு."

தவமணி துணியை உதறிக் கொடியில் போட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"இருக்கும்," என்றாள். "மாரப்பன் முதுகுக்கு வர வேண்டியது. எங்கயாவது போய்த்தான ஆகணும்."